ஊவாத் தோட்டங்களுக்கு இணையவழி உயர்கல்வி எட்டுமா?

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையில், பசறை வீதியோரம் இருக்கிறது. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வரும் சனங்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் போய்வருகிறார்கள். 2005இல் அது தொடங்கப்பட்டபோது ஊவாவுக்கும் ஒரு கெம்பஸ் வந்துவிட்டது என்று பதுளை, மொனராகலை இரண்டு மாவட்டத்தாரும் மகிழ்ந்தார்கள். தேயிலைத் தொழில்நுட்பமே அங்கே ஒரு பட்டப்படிப்பு. ஆனால் அந்தத் தேயிலையைக் கிள்ளிக் கூடையில் போடும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த வகுப்பில் உட்காரும் வாய்ப்பு இன்னும் அரிதாகவே இருக்கிறது.

ஏன் அரிது என்பதற்கு அனுமதி முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அரச பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியை வைத்து நடக்கிறது. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. எஞ்சிய 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு உரியது. பதுளையும் மொனராகலையும் அந்தப் 16க்குள் அடக்கம். ஏட்டில் பார்த்தால் தோட்டப் பிள்ளைக்கு இது சாதகம். ஆனால் இந்தச் சலுகை மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. மாவட்டத்துக்குள்ளே யார் எங்கிருந்து வருகிறார் என்பதை அது பார்ப்பதில்லை. பதுளை நகரத்தில் ஆய்வுகூடமும் டியூஷனும் கிடைத்துப் படித்தவரும், விஞ்ஞானப் பிரிவே இல்லாத தோட்டப் பாடசாலையில் சாதாரண தரத்தை முடித்துவிட்டு உயர்தரத்துக்காக இரண்டு பஸ் மாறிவரும் பிள்ளையும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். 2012 கணக்கெடுப்பில் பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் இந்தியத் தமிழர் எனப் பதிவானார்கள். நுவரெலியாவுக்கு அடுத்தபடியாக மலையகத் தமிழர் அதிகம் வாழ்வது இங்கேதான். இவர்கள் படித்த தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். பிற பாடசாலைகளுக்கு இருந்த பல பத்தாண்டு முன்கூட்டிய தொடக்கம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

வாசல் இவ்வளவு ஒடுங்கியிருக்கும்போது, அதைச் சுற்றிக்கொண்டு போக இணையம் வழிகாட்டுமா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு கல்வி பற்றிய எந்தக் கூட்டத்திலும் இது பேசப்படாமல் இருப்பதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டும். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு போனைக் கொடுத்துவிட்டால் எட்டிவிடும் என்று நினைத்தால் எட்டாது. தோட்டத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஓர் அறை, மேசை, நம்பத்தகுந்த இணைப்பு, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் – இவை நான்கும் இருந்தால் எட்டும். இதுவரை நடந்த முயற்சிகள் எல்லாவற்றையும் பார்க்கும்போது எனக்குக் கிடைப்பது இந்த ஒரு பாடம்தான்.

தூரத்திலிருந்து படிப்பது மலையகத்துக்குப் புதிய விஷயமல்ல. உயர்தரத்தோடு ஆசிரியர் நியமனம் பெற்ற எத்தனையோ பேர், தோட்டப் பாடசாலையில் கற்பித்துக்கொண்டே பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தார்கள். பாடக்குறிப்புகளைக் கைமாற்றிப் படித்தார்கள். சனி ஞாயிறுகளில் பதுளையிலோ பண்டாரவளையிலோ கூடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சைக்கு, கண்டிக்கு ஏழெட்டு மணி நேர ரயில் பயணம் போனார்கள். பல தோட்டங்களின் முதல் பட்டதாரி இப்படி உருவானவர்தான். அந்தப் பட்டங்களை இரண்டாந்தரம் என்று இளக்காரமாகப் பார்த்தவர்கள், அதைப் பெற்றவர் சம்பளமில்லாத எத்தனை இரவுகளை அதற்குக் கொடுத்தார் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. உயர்தரத்தில் தவறியவரும் அடிப்படைச் சான்றிதழ் நெறியில் தொடங்கிப் படிப்படியாகப் பட்டம் வரை ஏறலாம் என்பதுதான் அதன் மிகப்பெரிய கொடை. பதுளையில் அதற்குப் பிராந்திய நிலையம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டியவருக்கு, வயது கூடிவிட்டது என்று ஒதுங்கியவருக்கு, குழந்தை பெற்ற பிறகு மீண்டும் புத்தகத்தைத் தொட விரும்பும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான நிறுவனம் இந்த நாட்டில் இல்லை. அப்படியிருந்தும் தோட்டங்களில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. கெம்பஸ் கிடைக்காவிட்டால் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவது என்ற ஒற்றை வழிதான் பல வீடுகளில் பேசப்படுகிறது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டமும் அப்படியே. கணினித் துறைக்கு நாட்டில் எங்கிருந்தும் நுழையலாம் என்ற கதவை அது திறந்தது. ஆனால் ஆங்கிலமும் கணினியும் கையில் இருந்தவர்களே அதில் முதலில் நுழைந்தார்கள்.

2000களின் நடுப்பகுதியில் அரசு நாடெங்கும் நெனசல நிலையங்களைத் திறந்தது. தமிழில் அவற்றுக்கு அறிவகம் என்று பெயர். கோவில், விகாரை, நூலகம் என்று கிடைத்த இடத்தில் சில கணினிகளும் இணைப்பும் வைத்து ஊர் மக்கள் பயன்படுத்த விட்ட திட்டம் அது. 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் கற்றல் வாய்ப்புக்கான விருதையும் பெற்றது. இப்போது அதைப் பற்றிப் பேசுவாரில்லை. ஸ்மார்ட் போன் வந்ததும், இனிப் பொது நிலையங்கள் எதற்கு என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு வந்துவிட்டது. அது பெரிய தவறு என்பதை அடுத்து வந்த காலம் காட்டிக்கொடுத்தது.

2020 மார்ச்சில் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. பல்கலைக்கழகங்கள் ஒப்பீட்டளவில் விரைவாக எழுந்து நின்றன. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் என்ற கல்வி வலையமைப்பு சூம் வகுப்புகளுக்கு வழிசெய்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல்கலைக்கழகத் தளங்களுக்கான டேட்டாவைக் கட்டணமின்றி விட்டுக்கொடுத்தன. இந்த ஏற்பாட்டை நான் உயர்வாக மதிக்கிறேன். ஒரு முடிவு எடுத்தால் டேட்டாச் செலவை ஒரே நாளில் இல்லாமலாக்கலாம் என்று அது நிரூபித்தது. ஆனால் கெம்பஸ் மூடப்பட்டதால் தோட்டத்துக்குத் திரும்பிவந்த மாணவருக்கு இலவச டேட்டாவால் என்ன பயன், லயத்துக்குள் சிக்னல் இல்லையென்றால்?

பாடசாலைப் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். 2021 ஆகஸ்டில் ஏ.பி. செய்தி நிறுவனம் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்தைப் பற்றி எழுதியது. ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டுவழியே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து, மலை உச்சிப் பாறை மேல் ஏறி உட்கார்ந்து பாடங்களைப் பெற்றார்கள். லுணுகலைப் பக்கத்தில், காட்டுக்குள் சுமார் 30 அடி உயர மரக்குடில் ஒன்றுக்குப் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிப்போய், முறைவைத்து ஏற்றி இறக்கினார்கள். அந்தப் படங்களைப் பார்த்து உலகம் பிள்ளைகளின் ஆர்வத்தைப் பாராட்டியது. எனக்குப் பாராட்டத் தோன்றவில்லை. வன விலங்கு நடமாடும் காட்டில் ஒரு பிள்ளை பாடத்துக்காக மரம் ஏறுவது, அரசு செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பதற்கான சாட்சி. சிங்களக் கிராமங்களையும் தமிழ்த் தோட்டங்களையும் இது சமமாகவே வாட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். ஒக்டோபர் வரை அது நீடித்தது. இந்தத் தலைமுறைதான் இப்போது உயர்கல்வியின் வாசலில் நிற்கிறது. அதன் அடித்தளத்தில் விழுந்த ஓட்டையை மறந்துவிட்டு இணையவழிப் பட்டங்களைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது.

சிக்னல் ஏன் இல்லை என்பதற்கு மலையும் ஒரு காரணம், கணக்கும் ஒரு காரணம். போன் அலைகள் மலையை ஊடுருவிச் செல்லாது. நமுனுகுலையின் ஒரு சரிவில் டவர் இருந்தால் மறு சரிவின் மடிப்பிலுள்ள லயங்கள் நிழலில் விழும். அந்த மடிப்புக்கென்று இன்னொரு டவர் வைக்க, அங்கே இருக்கும் நூறு குடும்பங்கள் ரீலோட் போடும் காசு கம்பனிக்குக் கட்டுபடியாகாது. கம்பிவழி இணைப்புக்கோ வேறு தடை. தோட்டக் காணி குத்தகைக் கம்பனியின் பொறுப்பில் இருக்கிறது. லயத்து வீட்டுக்கு உறுதி இல்லை, பல இடங்களில் தனி முகவரிகூட இல்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஒபிசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரும். அப்படித் தாமதித்த கடிதத்தால் நேர்முகப் பரீட்சையை இழந்தவர்கள் மலையகத்தில் உண்டு. முகவரியே இல்லாத வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்புக்கான விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது? காணியுரிமையும் வீட்டுரிமையும் கல்விக்குச் சம்பந்தமில்லாத தனிப் பிரச்சினைகள் என்று நினைப்பவர்கள் இந்த ஓர் இடத்தையாவது கவனிக்க வேண்டும்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது. செய்மதியிலிருந்து நேரே இறங்கும் இணைப்பு என்பதால் மலை மடிப்பும் அதற்குத் தடையில்லை. இனித் தோட்டங்களுக்கு விடிவுதான் என்று சிலர் எழுதினார்கள். அறிமுகத்தின்போது வீட்டு இணைப்பின் மாதக் கட்டணம் 15,000 ரூபாய்; கருவிக்கு ஒரு இலட்சத்துக்கு மேல். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் ஒரு மாதக் கட்டணம் என்பது பதினொரு நாள் உழைப்பு. எந்த வீட்டாலும் முடியாது. ஆனால் அதே இணைப்பை ஒரு தோட்டத்தின் வாசிகசாலையிலோ பாடசாலையிலோ பொதுவில் வைத்தால், முப்பது மாணவருக்கு ஆளுக்கு மாதம் 500 ரூபாய்தான் வரும். தொழில்நுட்பம் ஒன்றுதான். தனி வீட்டுக்கு அது எட்டாக்கனி, பொது அறைக்கு அது கைக்கெட்டும் விஷயம்.

வீட்டுக்குள்ளே இணைப்பு வந்தாலும் படிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சமையலும் படுக்கையும் சாமிப் படமும் ஒன்றாக இருக்கும்போது, விரிவுரையைக் கேட்க எங்கே உட்காருவது? தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கத்து வீட்டின் டிவி இங்கே கேட்கும். பொம்பிளைப் பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்றால், அவள் வகுப்பில் இருக்கிறாள் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தண்ணீர் எடுக்க, தம்பியைப் பார்க்க, அம்மா மலையிலிருந்து வருவதற்குள் அடுப்பு மூட்ட என்று அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் இணையவழிக் கல்வியால் அதிகம் பயன்பெறக்கூடியவர்களும் இந்தப் பெண்களே. மகளைக் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பப் பயப்படும் பெற்றோர், ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள படிப்பறைக்கு அனுப்பத் தயங்கமாட்டார்கள்.

மொழிக்கு வருவோம். ஊவா வெல்லஸ்ஸவில் கற்பிக்கும் மொழி ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழில் படித்த மாணவர் முதலாம் ஆண்டில் தடுமாறுவது அறிவுக் குறையால் அல்ல. இங்கே இணையம் உண்மையாகவே கைகொடுக்க முடியும். நேரடி விரிவுரையில் ஒருமுறை புரியாமல் போனது போனதுதான். பதிவுசெய்த விரிவுரையை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். இந்திய ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல் தளத்தில் பொறியியல், விஞ்ஞான விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் உண்டு. கலைத்துறை மாணவருக்கு நூலகம் நிறுவனம் 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் ஈழத்துத் தமிழ் நூல்களும் இதழ்களும் பெரிய பொக்கிஷம். மலையக எழுத்துகளும் அங்கே சேர்ந்திருக்கின்றன. பதுளைப் பொது நூலகத்தில் இல்லாத நூலை மடுல்சீமையில் இருந்துகொண்டு படிக்கலாம் என்பது முந்திய தலைமுறை ஆசிரியர்கள் கனவிலும் காணாதது. கலைச்சொற்களுக்குத் தமிழ் விளக்கம் தரும் குறுங்காணொளிகளைப் பல்கலைக்கழகத்தின் மூத்த மலையக மாணவர்களே செய்து வைக்கலாம். பெரிய செலவில்லை.

படத்தோடு நடக்கும் சூம் வகுப்பு ஒரு மணி நேரத்தில் அரை ஜி.பி.க்கு மேல் விழுங்கும். ஒலி மட்டுமென்றால் அதில் பத்தில் ஒரு பங்குதான் போகும். குறிப்புகளை முன்கூட்டியே அனுப்பி, விளக்கத்தை ஒலிப்பதிவாகத் தந்து, வாரத்தில் ஒரு நாள் மட்டும் நேரடியாகச் சந்தித்தால் பலவீனமான இணைப்பிலும் ஒரு பாடநெறியை நடத்திவிடலாம். கொரோனாக் காலத்தில் வாட்ஸ்அப் ஒலிக்குறிப்பில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் இதை அனுபவத்தில் கண்டுபிடித்தார்கள். பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளாமல் மீண்டும் நேரலைக்கே திரும்பின.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. 2012இல் பெருந்திரள் இணையப் பாடநெறிகள் பரவியபோது, ஹார்வர்டின் பாடம் ஏழை நாட்டுப் பிள்ளையின் வீட்டுக்கே வந்துவிடும் என்றார்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய அந்தப் பாடநெறிகளின் ஆறாண்டுத் தரவுகளை ஆராய்ந்த கட்டுரை 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. பதிந்தவர்களில் மிகச் சிறிய பங்கினரே படித்து முடித்தார்கள். பெரும்பாலோர் வசதியான நாடுகளைச் சேர்ந்தவர்கள். மறுபக்கம், 1969இல் தொடங்கிய பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகமும் 1985இல் தொடங்கிய இந்தியாவின் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிலைத்து நின்றதற்கு, ஊருக்கு ஊர் கற்கை நிலையங்களும் வழிகாட்டும் ஆசிரியர்களும் இருந்தது முக்கிய காரணம். பாடத்தை அனுப்பிவைப்பது சுலபம். நடுவில் விட்டுவிடாமல் பிடித்து வைத்திருப்பதற்கு ஆள் வேண்டும்.

மலையகத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று நீண்டகாலமாகக் கேட்டுவருபவர்கள், இணையவழிக் கல்வி அந்தக் கோரிக்கையை நீர்த்துப்போகச் செய்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. நகரத்துப் பிள்ளைக்கு விடுதியும் ஆய்வுகூடமும், தோட்டத்துப் பிள்ளைக்குத் திரை மட்டும் என்று ஆகிவிடக்கூடாது. வைத்தியமும் பொறியியலும் தேயிலைத் தொழில்நுட்பமும் திரையில் மட்டும் கற்கும் படிப்புகள் அல்ல. ஆகவே உள்வாரி இடங்களுக்கான போராட்டம் தொடரத்தான் வேண்டும். ஆனால் உயர்தரம் எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு உள்வாரி இடம் கிடைப்பதில்லை என்பது நாடு முழுவதற்கும் பொதுவான நிலை. அவர்களைக் காத்திருக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்களுக்கு மகாபொலப் புலமைப்பரிசில் கிடையாது, விடுதி கிடையாது. அரசின் உதவி மிகக் குறைவாகக் கிடைப்பது, அது மிக அதிகமாகத் தேவைப்படுகிற இந்த வெளிவாரி மாணவருக்குத்தான்.

இவர்களைக் குறிவைத்துத்தான் பேஸ்புக்கில் பட்ட விளம்பரங்களும் வருகின்றன. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன், அந்த நிறுவனம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவால் அங்கீகரிக்கப்பட்டதா, பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்றதா என்று பார்த்தே ஆக வேண்டும். பதுளையிலேயே உயர் தொழில்நுட்ப நிறுவகமும் தொழில்நுட்பக் கல்லூரியும் அரச செலவில் இயங்குகின்றன என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

செய்ய வேண்டியது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, அப்புத்தளை, கொஸ்லந்தை, வெலிமடை ஆகிய இடங்களில் இருக்கும் தமிழ்ப் பாடசாலைகளில் ஓர் அறையை மாலை நேரத்துக்கும் வார இறுதிக்கும் திறந்துவிட்டால் போதும். புதிய கட்டடம் வேண்டாம். மாகாணக் கல்வித் திணைக்களம் அறையைத் தரட்டும். இணைப்பைத் தோட்டக் கம்பனிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளட்டும். 2020இல் சாத்தியமான கட்டணச் சலுகை இப்போது சாத்தியமாகாமல் போகக் காரணமில்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் பதுளை நிலையம் வாரம் ஒரு வழிகாட்டியை அனுப்பட்டும். சூரிய மின்சாரமும் மின்கலமும் கட்டாயம். 2022இல் 13 மணி நேர மின்வெட்டில் நாம் பட்ட பாடு மறந்துவிடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவு வீதிகளை மூடி, மின்சாரமும் போனும் அறுந்து, உயர்தரப் பரீட்சையே இடைநடுவில் நிறுத்தப்பட்டது. 2014இல் மீரியபெத்தையில் உறவுகளை மண்ணுக்குக் கொடுத்த மாவட்டம் இது. பேரிடரின்போது செய்தி சொல்லவும் அந்த அறையின் இணைப்பு பயன்படும்.

மலையகத்தில் படித்து மேலே வந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொழும்பிலும் கண்டியிலும் கனடாவிலும் இருக்கும் ஊவாப் பட்டதாரிகள் நிறையப் பேர். கோவில் கும்பாபிஷேகத்துக்குப் பணம் அனுப்புகிறீர்கள், பாடசாலைக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுக்கிறீர்கள். இனி மடிக்கணினியோடு உங்கள் நேரத்தையும் கொடுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம், நீங்கள் படித்த பாடத்தில், உங்கள் தோட்டத்து மாணவர் ஐந்து பேருக்கு இணையத்தில் வழிகாட்டுங்கள். திறந்த பல்கலைக்கழக விண்ணப்பம் கோரப்படும் காலத்தில் உங்கள் தோட்டத்தில் உயர்தரம் முடித்து வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே போன் எடுத்துக் கேளுங்கள். அரசை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் இதைத் தொடங்க அரசின் அனுமதி தேவையில்லை.